எழாத அம்மாவும் இறங்காத தாத்தாவும்

அமெரிக்காக்காரர்களுக்கு 1960-கள் என்றால் தனிப் பெருமை. எதிர்ப்பு என்ற ஒன்றைக் கண்டுபிடித்ததே தாங்கள்தான் என்ற நினைப்பு. பேருந்தில் உட்கார்ந்தார்கள், சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள், பல்கலைக்கழகத்துக்குள் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த இடத்தையெல்லாம் படம் பிடித்துப் புத்தகமாகவும் போட்டுவிட்டார்கள். பிறகு முடி வளர்த்தார்கள், சேற்றில் புரண்டார்கள். அதற்கும் படம் இருக்கிறது. 1969 ஆகஸ்டில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு மாட்டுப் பண்ணைக்காரரின் நிலத்தில் நாலு லட்சம் பேர் கூடி மழையில் நனைந்துகொண்டே பாட்டுக் கேட்டதை, ஏதோ யுகமே புரண்டு படுத்ததுபோல இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் லிங்கிப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் விடியுமுன் ஈரத்திலும் சேற்றிலும் கும்பலாக நிற்பதற்குப் பெயர் பெரட்டு. பாட்டெல்லாம் கிடையாது. தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி பெயர் வாசிப்பார், அவ்வளவுதான்.

லிங்கி தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் மாவட்டத்தில், மலாக்கா எல்லையை உரசிக்கொண்டு கிடக்கும் சின்ன ஊர். பக்கத்தில் அதே பெயரில் ஓர் ஆறு. ஆற்றில் முதலை உண்டு. பிள்ளைகளை ஆற்றுப்பக்கம் போகாதே என்று பெரியவர்கள் அதட்டியது ஒழுக்கம் கற்றுக்கொடுக்க அல்ல. ரப்பர் வந்த பிறகு இதே பெயரில் லண்டனிலும் ஒன்று முளைத்தது, லிங்கி பிளான்டேஷன்ஸ் கம்பெனி. பங்கு ஒன்று 2 ஷில்லிங். 1910-இல் ரப்பர் விலைக்குப் பித்துப்பிடித்தபோது அந்தக் கம்பெனி ஒரே ஆண்டில் 200 சதவீதத்துக்கும் மேல் லாபப்பங்கு கொடுத்தது. லிங்கி என்பது ஊரா, பூச்சியா, வயிற்று உபாதையா என்று தெரியாத லண்டன் கிழவிகள்கூட லிங்கி வைத்திருந்திருப்பார்கள். ஆற்று முதலைகள் இந்த அளவுக்கு என்றைக்கும் சாப்பிட்டதில்லை. மரத்தைக் கீறிப் பால் எடுத்தவர்களுக்கு? 1920-களின் கடைசியில் அரசாங்கமே உட்கார்ந்து யோசித்து நிர்ணயித்த கூலி, ஒரு நாளைக்கு ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு. மரம் மட்டும் ஆண் கீறினாலும் பெண் கீறினாலும் ஒரே பாலைத்தான் கொடுத்தது. பாக்கிப் பத்துக் காசு எங்கே போயிற்று என்று கேட்க எந்தப் பெண்ணுரிமைக்காரரும் கப்பலேறி வரவில்லை.

அமெரிக்க ஹிப்பிகள் அப்பன் வீட்டுச் சுகத்தை உதறிவிட்டுக் கூட்டுக் குடியிருப்புகளுக்குப் போனார்கள். எல்லாம் பொது, எவருக்கும் தனியறை கிடையாது, பூமித்தாயோடு நெருக்கம் என்பதெல்லாம் அவர்களுடைய கொள்கை. இதை எங்களிடம் கேட்டிருந்தால் லயத்தையே காட்டியிருப்போம். வரிசையாக அறைகள், முதுகோடு முதுகு ஒட்டி இன்னொரு வரிசை. நடுச்சுவர் கூரையைத் தொடாது. இந்த வீட்டுக் கருவாட்டு வாசத்தில் அந்த வீட்டில் இரண்டு கவளம் சோறு கூடுதலாக இறங்கும். இந்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டைக்கு அந்த வீட்டிலிருந்து தீர்ப்பு வரும். தண்ணீர்க்குழாய் பொது, கக்கூஸ் பொது, இருமல் பொது. ஹிப்பிகள் தேடிய பொதுவுடைமை அத்தனையும் கம்பெனி செலவிலேயே அமைந்திருந்தது. ஒரே ஒரு வித்தியாசம். அவர்கள் சோப்பையும் செருப்பையும் காசையும் துறந்து விடுதலை தேடினார்கள். நம் ஆட்கள் தேடிய விடுதலையில் முதல் மூன்று இடம் சோப்பு, செருப்பு, காசு.

இனி சைக்கிள் கதைக்கு வருவோம். வரலாற்றுப் புத்தகங்களில் இதற்கு ஒரு வரி கிடைத்தால் அதிகம். எனக்கோ மலாயாவின் மொத்தப் போராட்ட வரலாறும் இந்தச் சைக்கிளில்தான் ஏறி வருவதாகத் தோன்றும்.

அந்தக் காலத்துத் தோட்டங்களில் ஒரு வழக்கம். துரை எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்கி நிற்க வேண்டும். கேட்கச் சின்ன விஷயமாக இருக்கும். இறங்கிப் பார்த்தவனுக்குத்தான் தெரியும். பின்னால் கேரியரில் மாட்டுக்கு அறுத்த புல்லுக்கட்டு. ஹேண்டிலில் தூக்குச்சட்டி. மண் சடக்கு, மேடு. எதிரே துரை, கூடவே நாய். பிரேக் பிடித்தால் புல்லுக்கட்டு பின்னுக்கு இழுக்கும், முன்சக்கரம் தூக்கும், கால் தரையை எட்டாது, கைலியின் நுனி சங்கிலியில் மாட்டிக்கொள்ளும். ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை கைலியில். சலாம் வைக்க மூன்றாவது கைக்கு எங்கே போவது? நாய்க்கு இதெல்லாம் புரியாது. அது கைலியை மட்டும் கவனிக்கும்.

சரி, துரை போய்விட்டார் என்று ஏறி மிதித்தால் பத்தடியில் பெரிய கிராணி. மறுபடி இறங்கு. அவருக்குப் பின்னால் சின்னக் கிராணி. அவரும் எதிர்பார்ப்பார், போன வருஷம்தான் வேலைக்குச் சேர்ந்தவர் என்பதால் கொஞ்சம் கூடுதலாகவே எதிர்பார்ப்பார். “என்னா, கண்ணு தெரியலையா?” என்பார். தெரிந்தது, அதனால்தான் வேகமாக மிதித்தேன் என்று சொல்ல முடியுமா? இப்படி வீடு போய்ச் சேருவதற்குள் ஆளைச் சுமந்த சைக்கிளைவிடச் சைக்கிளைத் தள்ளிய ஆள்தான் அதிக தூரம் போயிருப்பான்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் ஒரு கோரிக்கைப் பட்டியல் போட்டது. படித்துப் பார்த்தால் சிரிப்பும் வரும், தொண்டையும் அடைக்கும். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கும் கூலியை எங்களுக்கும் கொடு. வேலை நேரத்தைக் குறை. பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், நோயாளிக்கு மருந்து. கள்ளுக்கடையை மூடு. பெண்களிடம் வாலாட்டாதே. சொந்தக்காரன் பார்க்க வந்தால் உள்ளே விடு. பேச விடு, சங்கம் வைக்க விடு. இத்தனைக்கும் நடுவில், துரைமார் முன்னாலும் கிராணிமார் முன்னாலும் சைக்கிளைவிட்டு இறங்காமல் போக அனுமதி கொடு. பெண்களைத் தொல்லை செய்பவர்களைக் குறிப்பிட்ட இடத்தில் ‘கறுப்பு வெள்ளைக்காரர்கள்’ என்றும் ஒரு வகையைச் சேர்த்திருந்தார்கள். தோல் நம்முடையது, தொப்பி துரையுடையது. இதற்கு விளக்கம் தேவைப்படாத ஒரே வாசகர் கூட்டம் தோட்டத்துக் கூட்டம்தான்.

பதினான்கு வருஷம் கழித்து, 1955 டிசம்பர் 1 அன்று, அமெரிக்காவில் மான்ட்கோமரி நகரத்துப் பேருந்தில் ரோசா பார்க்ஸ் என்ற அம்மா, வெள்ளைக்காரருக்கு இடம்விட்டு எழ மாட்டேன் என்றார். உலகமே எழுந்து நின்றது. அந்த அம்மாவுக்கு என் கும்பிடு எப்போதும் உண்டு. ஆனால் அவர் எழவில்லை, எங்கள் தாத்தாக்கள் இறங்கவில்லை. இரண்டு தரப்பும் கேட்டது ஒன்றுதான், உட்கார்ந்தவனை உட்கார்ந்த இடத்தில் இருக்க விடு. அங்கே புகைப்படக்காரர்கள் இருந்தார்கள். இங்கே நாய்தான் இருந்தது.

அந்த அம்மாவுக்கு மார்ட்டின் லூதர் கிங் கிடைத்தார். கிள்ளான்காரர்களுக்கு ஆர்.எச். நாதன் கிடைத்தார், ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் வேலை பார்த்தவர். பத்திரிகைக்காரர்களில் பெரும்பாலோர் புரட்சியைப் பற்றி எழுதிவிட்டுச் சாப்பிடப் போவார்கள். இவர் அதையும் நடத்தப் போனார். தொழிலாளிகள் காந்தி குல்லாய் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்கள். பால் வெட்டுவதற்குக் குல்லாய் இடைஞ்சல் இல்லை, துரைக்குத்தான் இடைஞ்சல். நூல்துணியில் தைத்த கால் முழத்துக் குல்லாய் ஒரு சாம்ராஜ்யத்தின் ரத்த அழுத்தத்தை அந்த அளவுக்கு ஏற்றியது வேறெங்கும் நடந்திருக்காது. மே மாதம் நாதனைக் கைது செய்து இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். சிலாங்கூரில் அவசரகாலம் அறிவித்து ராணுவத்தை இறக்கினார்கள். துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. சைக்கிள் கேட்டவனுக்குப் பதில் சொல்லத் துப்பாக்கி தேவைப்பட்டது. அதே 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் கோத்தாபாருவில் இறங்கினான். அவனும் சைக்கிளில்தான் வந்தான். அவன் எந்தத் துரைக்கும் இறங்கவில்லை. துரைமார்தான் சிங்கப்பூர்வரை இறங்கிக்கொண்டே போனார்கள்.

ஜப்பான் காலத்தைப் பற்றிப் பாட்டிகள் பேசும்போது குறுக்கே சிரிக்க முடியாது. தோட்டம் தோட்டமாக ஆட்களை லாரியில் ஏற்றிச் சயாம் ரயில் போடக் கொண்டுபோனார்கள். திரும்பி வராதவர்களின் கணக்கு எந்தச் செக்ரோல் பதிவேட்டிலும் சரியாக ஏறவில்லை. அதைத் தாண்டிப் போகிறேன்.

ஆனால் அதே காலத்தில் இன்னொரு கூத்தும் நடந்தது. 1943-இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூருக்கு வந்து ஜான்சி ராணிப் படையை அமைத்தார். தலைமை, டாக்டர் லட்சுமி. பால்வாளி தூக்கிய தோட்டத்துப் பெண்கள் துப்பாக்கி தூக்கினார்கள். தாவணியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டுக் காக்கிக் காற்சட்டை போட்டார்கள். எத்தனை வீட்டில் இதற்கு ஒப்பாரி வைத்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். சண்டைக்குப் போவதைக்கூட மன்னித்துவிடுவார்கள், காற்சட்டையை எப்படி மன்னிப்பது? மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன பதில் சொல்வது? சரியாக 25 வருஷம் கழித்து, 1968 செப்டம்பரில், அட்லாண்டிக் சிட்டியில் அழகிப் போட்டி நடந்த மண்டபத்துக்கு வெளியே அமெரிக்கப் பெண்கள் உள்ளாடை, குதிகால் செருப்பு, பொய் இமை எல்லாவற்றையும் ஒரு குப்பைத் தொட்டியில் போட்டார்கள். அதைப் பெண் விடுதலையின் விடியல் என்கிறார்கள். இருக்கட்டும். எங்கள் அத்தைமார் குப்பைத் தொட்டியில் போடுமளவுக்குப் பொய் இமை வைத்திருக்கவில்லை. அதனால் பர்மா வரை போனார்கள்.

சண்டை முடிந்தது, துரைமார் திரும்பி வந்தார்கள். லட்சுமி கேப்டனுக்குச் சல்யூட் அடித்த பெண்ணும், போஸ் பேச்சைக் கேட்டுச் சிலிர்த்த பையனும் அதே லயத்துக்குத் திரும்பினார்கள். பழையபடி செக்ரோலைத் தூக்கிக்கொண்டு கிராணியும் வந்தார். “ஏ, எறங்கு.” இனி எவன் இறங்குவான்?

இங்கேதான் கள்ளுக்கடை வருகிறது. ஹிப்பிகள் கஞ்சா, எல்.எஸ்.டி. என்று ஞானம் தேடிப் போனதைப் பெரிய கலகமாக எழுதுவார்கள். எங்கள் தோட்டங்களில் ஞானத்தை நிர்வாகமே அளந்து ஊற்றியது. கூரை போட்ட கடை, திறக்க நேரம், மூட நேரம், சம்பள நாளில் நீண்ட வரிசை. கடையில் வந்த லாபம் தொழிலாளர் நலனுக்கே செலவாக வேண்டும் என்று சட்டமும் இருந்தது. ஆகக் குடிப்பவன் தியாகி. அவன் ஒரு மங்கு கூடுதலாகக் குடித்தால் பந்து விளையாடும் திடலுக்குப் புல் வெட்டலாம், இன்னொரு மங்கு குடித்தால் தீபாவளிக்குப் படம் போடலாம். பெண்டாட்டி வந்து சட்டையைப் பிடித்தால், “நான் தோட்டத்து முன்னேற்றத்துக்காகக் குடிக்கிறேன், நீ குறுக்கே நிற்காதே” என்று சொல்ல அவனுக்குச் சட்டப்படி உரிமை இருந்தது. அவளோ 40 காசுக்காரி. முன்னேற்றம் அவளுடைய மூக்குத்தியிலிருந்துதான் வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் டிமத்தி லியரி என்றொரு ஆசிரியர் இருந்தார். எல்.எஸ்.டி. சாப்பிட்டால் மனக்கதவு திறக்கும் என்று பிரசாரம் செய்தார். 1963-இல் பல்கலைக்கழகம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. கெடாவில் பீடோங் பக்கத்தில் எங்களுக்கும் ஒரு ஹார்வர்டு இருந்தது, ஹார்வர்டு தோட்டம். அங்கே ஏ.எம். சாமி என்றொருவர் நேர்மாறான பாடத்தை நடத்தினார். சண்டை முடிந்த கையோடு ‘தொண்டர் படை’ என்று இளைஞர்களைத் திரட்டினார். காலையில் அணிவகுப்பு, மாலையில் கள்ளுக்கடை மறியல். குடித்துவிட்டு வருபவரைப் பிடித்து நிறுத்திக் கண்டிப்பு. மனக்கதவைத் திறக்காதே, கள்ளுக்கடைக் கதவை மூடு என்பது இந்த ஹார்வர்டின் கொள்கை.

இதில் எனக்கு ஒரு சின்ன வருத்தம் உண்டு. தொண்டர் படையில் இருந்தவர்களைப் பற்றிய கதைகளில் நகைச்சுவை உணர்வுள்ளவர் ஒருவர்கூடத் தென்படவில்லை. உலகத்தைத் திருத்த வந்தவர்களுக்கு இது எங்கும் உள்ள வியாதி. அரைமங்கு குடித்துவிட்டு, நேராக நடக்கிறேன் பார் என்று நிரூபித்துக்கொண்டு வரும் மாமனை நிறுத்தி, பதினெட்டு வயதுப் பையன் ‘மானமுள்ள தமிழனா நீ?’ என்று கேட்டால் மாமன் என்ன சொல்வார்? ‘நாளைக்குச் சொல்றேண்டா’ என்பார். ஆனாலும் அந்த வீட்டு அடுப்பில் அந்த மாதம் பத்து நாள் கூடுதலாகப் புகை வந்திருக்கும். 1947-இல் பீடோங் கள்ளுக்கடை மறியலில் போலீஸ் புகுந்து அடித்தது. தொழிலாளி ஒருவர் செத்தார், சாமியைப் பிடித்தார்கள். குடி என்று ஒன்று கலைந்துவிட்டால் கூலிக்காரன் தெளிந்துவிடுவான், தெளிந்தவன் கணக்குக் கேட்பான் என்பது துரைமாருக்கு நன்றாகத் தெரியும். கள்ளைக் காப்பாற்றத் துப்பாக்கியோடு வந்த ஒரே அரசாங்கம் உலகத்தில் அதுவாகத்தான் இருக்கும்.

1948 ஜூனில் அவசரகாலம். அடுத்த பன்னிரண்டு வருஷம் காட்டில் கம்யூனிஸ்ட், ரோட்டில் பட்டாளம், நடுவில் பால்காட்டுக்காரன். தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர் எஸ்.ஏ. கணபதியை, துப்பாக்கி வைத்திருந்தார் என்று 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். இந்திய அரசாங்கம் கேட்டுக்கொண்டும் விடவில்லை. அதில் கேலி செய்ய ஒன்றும் இல்லை.

கேலி வேறு இடத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் மெக்கார்த்தி என்ற செனட்டர் 1950-இல் கம்யூனிஸ்ட் பட்டியல் என் கையில் இருக்கிறது என்று காகிதத்தை ஆட்டி நாட்டையே நடுங்க வைத்தார். அவர் சந்தேகப்பட்டது அரசாங்க அதிகாரிகளையும் ராணுவத்தாரையும். எங்கள் பக்கம் சந்தேகப்பட்டது சோற்றுப் பொட்டலத்தை. காட்டுக்காரருக்குச் சாப்பாடு போகக்கூடாது என்று லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டு, வேலைக்குப் போகிறவரை வாசலிலேயே தடவிப் பார்த்தார்கள். சோறு கொண்டுபோகத் தடை. வெற்றிலைப் பையில் எத்தனை பாக்கு என்றுகூடக் கேள்வி. சட்டைப்பையில் ஒரு நெத்திலிக் கருவாடு இருந்தாலும் அது புரட்சிக்குப் போகும் வழியில் பிடிபட்ட நெத்திலி. காலை ஐந்தரைக்குப் போனவன் பசியோடு பால் எடுத்து, பசியோடு ஸ்டோரில் நிறுத்துப் போட்டு, பசியோடு வீட்டுக்கு வந்தான். அவனைக் கம்யூனிஸ்ட் ஆக்குவதற்கு இதைவிட நல்ல வழியை மா சே துங்கே கண்டுபிடித்திருக்க மாட்டார்.

சூடான சங்கங்களெல்லாம் இப்படி ஒடுங்கிய பிறகு மிதமான சங்கம் வளர்ந்தது. பி.பி. நாராயணன் கேரளத்தில் பிறந்தவர், நெகிரி செம்பிலானில் சங்கம் வளர்த்தவர். 1954-இல் பல சங்கங்களை ஒன்றாக்கித் தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானபோது அவர்தான் பொதுச்செயலாளர். சாகும் வரை அவர்தான். பின்னாளில் டான்ஸ்ரீ, அனைத்துலகத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். சோஷலிஸ்ட்காரர்கள் அவரைத் திட்டுவார்கள், துரையோடு மேசையில் உட்கார்ந்து காப்பி குடித்தே காலத்தைக் கழித்தார் என்று. நானும் ஒருகாலத்தில் திட்டுபவர்கள் பக்கம் கைதட்டியவன்தான். இப்போது யோசித்தால், துரை முன்னால் சைக்கிளைவிட்டு இறங்கிய சாதிசனத்துக்காக ஒரு ஆள் துரை முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்ததே பெரிய விஷயம் என்று படுகிறது. காப்பி ஆறியதா, கூலி ஏறியதா என்பது வேறு வழக்கு.

கலிபோர்னியாவில் 1965-இல் திராட்சைத் தோட்டத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்தார்கள். பிலிப்பினோக்காரர்கள் தொடங்கினார்கள், சீசர் சாவேஸின் மெக்சிக்கோக்காரர்கள் சேர்ந்தார்கள், அமெரிக்கா முழுக்கத் திராட்சையை வாங்காதே என்று பிரசாரம் ஓடியது. எங்கள் கதைக்கு மிக நெருங்கிய சொந்தம் இதுதான். ஆனால் இந்த வித்தை ரப்பருக்குப் பலிக்காது. திராட்சையைச் சாப்பிடாமல் இருக்கலாம், டயரைச் சாப்பிடாமல் இருக்கிறேன் என்று யாரிடம் போய் மிரட்டுவது? 1968-இல் சாவேஸ் 25 நாள் உண்ணாவிரதம் இருந்தார். முடித்துவைக்க ராபர்ட் கென்னடியே வந்து ரொட்டி கொடுத்தார். எங்கள் லயத்தில் மாதக் கடைசியில் எல்லா வீட்டிலும் உண்ணாவிரதம்தான். கென்னடி வரவில்லை. கடைக்காரர் வந்தார், கடன் புத்தகத்தோடு.

பண்பாட்டுப் புரட்சி என்று ஒன்று உண்டு அல்லவா, அதிலும் நாங்கள் முந்தி. 1929 டிசம்பரில் பெரியார் பினாங்கில் கப்பலைவிட்டு இறங்கினார், ஈப்போ மாநாட்டில் பேசினார். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி சீர்திருத்தச் சங்கம் நடத்தினார், 1935-இல் ‘தமிழ் முரசு’ தொடங்கினார். தீமிதிக்காதே, ஆடு வெட்டாதே, சாதி பார்க்காதே என்று முரசு கொட்டியது. ஆடு வெட்டாதே என்பதைத் தவிர மற்றதையெல்லாம் ஜனம் ரொம்பப் பொறுமையாகக் கேட்டது.

தோட்டத்தில் நடந்த சீர்திருத்தத் திருமணத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஐயர் கிடையாது, புகை கிடையாது, புரியாத மந்திரம் கிடையாது. அதற்குப் பதில் வாழ்த்துரை. முதலில் தலைவர் முன்னுரை. பிறகு சிரம்பானிலிருந்து வந்த பேச்சாளர். பிறகு அவரோடு சேர்ந்து வந்துவிட்டதால் அவர் மச்சான். பிறகு ரந்தாவ் பக்கத்து மன்றச் செயலாளர், இவருக்கு முன்னவரோடு பேச்சுவார்த்தை இல்லை, ஆகையால் இன்னும் கொஞ்சம் நீளமாக. சங்க காலத்தில் தொடங்கி, ஆரியர் வருகையைக் கடந்து, கிரேக்கத்தில் சாக்ரடீசை எட்டிப் பார்த்துவிட்டு, மணமக்களிடம் வருவதற்குள் மணமகள் மாலை கசங்கி, மணமகன் கொட்டாவியைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பான். பின்வரிசையில் ஒரு கிழவி, “ஐயரா இருந்தா இந்நேரம் புள்ளையே பொறந்திருக்கும்” என்று முணுமுணுப்பாள். ஆட்டுக்கறி வாசம் வேறு. கடைசியில் மாலை மாற்றி முடித்ததும் ஜனம் கைதட்டும். அது பகுத்தறிவுக்கான கைதட்டல் என்று பேச்சாளர்கள் நம்பினார்கள். இலை போடப்போகிறார்கள் என்பதற்காகத் தட்டியது என்பது என் ஆய்வு முடிவு. இருந்தாலும், பெண்ணை எங்கே உட்கார வைப்பது, எந்தச் சாதிக்காரன் எந்தப் பந்தியில் என்ற கேள்விகள் அந்த மேடையைச் சுற்றித்தான் மெல்ல மெல்லக் குழம்பிப்போயின. மந்திரத்தைவிட நீளமான பேச்சுக்கு அந்த அளவு பலன் உண்டு.

பெயர்களும் மாறின. முனியாண்டிக்குப் பிறந்தவன் இளங்கோ ஆனான், பாவாயிக்குப் பிறந்தவள் தமிழரசி ஆனாள். தமிழ்ச்செல்வன் என்ற பெயரைச் செக்ரோல் கட்டத்துக்குள் அடைக்கக் கிராணி பட்ட பாட்டை ஒரு தனி விடுதலைப் போராகவே எழுதலாம். ஹிப்பிகள் தங்கள் பிள்ளைகளுக்குப் பூ, ஆறு, சூரியன் என்று பெயர் வைத்துப் பெற்றோரை அதிரவைத்தார்கள். பூங்காவனம், காவேரி, சூரியகாந்தி என்று அந்தப் பெயரெல்லாம் எங்கள் பாட்டிமாரிடம் ஏற்கெனவே இருந்தன. ஒரு பாட்டிகூட அதைக் கலகம் என்று சொல்லிக்கொள்ளவில்லை.

பெர்க்லியில் 1964-இல் மாணவர்கள் பேச்சுரிமைக்காகப் பல்கலைக்கழகத்தோடு மல்லுக்கட்டினார்கள். எங்கள் ஆட்கள் 1950-களில், தாங்கள் வாசல்படியைக்கூட மிதித்திராத ஒரு பல்கலைக்கழகத்துக்காக ஆளுக்கு ஒரு வெள்ளி எடுத்துக் கொடுத்தார்கள். ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி என்று பெயர். மலாயாப் பல்கலைக்கழகத்தில் தொடங்கவிருந்த இந்திய இயல் துறையில் தமிழுக்கு முதலிடம் வேண்டும், தமிழ்ப் புத்தகம் வேண்டும் என்று சாரங்கபாணி கிளம்பினார். 1956-இல் துறை வந்தது. கைநாட்டு வைத்துச் சம்பளம் வாங்கியவன் நூலகத்துக்குப் புத்தகம் வாங்கிக் கொடுத்தான். இதற்கு ஒரு கிண்டல் யோசித்துப் பார்த்தேன், வரவில்லை.

1967-க்கு வருவோம். அக்டோபரில் அமெரிக்க ஹிப்பிகள் வியட்நாம் போரை நிறுத்துவதற்காகப் பென்டகன் கட்டடத்தை மந்திரம் சொல்லி ஆகாயத்தில் தூக்கப் போனார்கள். விளையாட்டில்லை, உண்மை. 300 அடி தூக்க அனுமதி கேட்டதாகவும், அதிகாரி 10 அடிக்கு மேல் கூடாது என்று பேரம் பேசியதாகவும் ஒரு கதை. கட்டடம் அசையவில்லை. அதே வருஷம் மலாக்காவில் ஆசகான் தோட்டத்துத் தொழிலாளிகள் வேலைநிறுத்தம் செய்து, கோலாலம்பூருக்கு நடந்தே புறப்பட்டார்கள். மலாக்காவிலிருந்து கோலாலம்பூர் போக நெகிரி செம்பிலானைத் தாண்டித்தான் ஆகவேண்டும். ரப்பர் செருப்போடு ரப்பர் மரங்களுக்கு நடுவே நூறு மைலுக்கு மேல். அங்கே நின்ற இடத்திலிருந்து கட்டடத்தை நகர்த்தப் பார்த்தார்கள், இங்கே கட்டடத்தில் இருப்பவரைப் பார்க்கத் தாங்களே நகர்ந்தார்கள். அங்கே கித்தார், இங்கே கொப்புளம்.

அப்புறம் ஹிப்பிமோகம் எங்களுக்கும் வந்தது, கொஞ்சம் தாமதமாக, சினிமா வழியாக. மணிக்கால் சட்டை, காதுவரை கிருதா, பிடரிவரை முடி. சிங்கப்பூரில் அரசாங்க அலுவலகங்களிலேயே, நீள முடி ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று அறிவிப்பு வைத்தார்கள். எங்கள் பையன்கள் அதைப் படித்துச் சிரித்தார்கள். முடியே இல்லாத அப்பனைக்கூட எந்த ஆபிசிலும் முதலில் கவனித்ததில்லையே. அந்தக் காலத்தையொட்டித்தான், 1969-இல், மலேசியாவில் குடியுரிமைத் தாள் இல்லாதவனுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள், இங்கேயே பிறந்து நரைத்தவர்கள்கூட, கப்பலேறி, பார்த்தேயிராத ‘சொந்த ஊருக்கு’ப் போனார்கள்.

மீந்தவர்களின் காலடியிலிருந்து தோட்டங்களே நகர்ந்தன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய் வீட்டுமனை வந்தது, லயத்துக்கு நோட்டீஸ் வந்தது. 2007 நவம்பர் 25 அன்று இண்ட்ராஃப் என்ற இந்து உரிமை அமைப்பு கூப்பிட்டு, கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தின் கீழே பல்லாயிரம் பேர் கூடியபோது, பலர் கையில் காந்தி படம் இருந்தது. குல்லாய் காலத்திலிருந்து அந்த மனிதரை எங்கள் ஆட்கள் விட்டதே இல்லை. அவருக்கும் எங்களோடு சேர்ந்து கண்ணீர்ப்புகையும் ரசாயனத் தண்ணீரும் குடித்துப் பழகிவிட்டது.

அன்றைய கூட்டம் புறப்பட்டது எதற்கென்பதைப் பலபேர் மறந்துவிட்டார்கள். அதற்குமுன் ஆகஸ்ட் 31 அன்று இண்ட்ராஃப் வழக்கறிஞர்கள் லண்டனில் பிரிட்டிஷ் அரசாங்கத்தின் மேல் வழக்குத் தொடுத்திருந்தார்கள். எங்களைக் கூட்டிவந்து, வேலை வாங்கி, பாதுகாப்பில்லாமல் விட்டுவிட்டுப் போனீர்கள், நஷ்டஈடு 4 டிரில்லியன் அமெரிக்க டாலர் எடுத்து வையுங்கள் என்று. தலைக்கு ஒரு மில்லியன் டாலர் என்பது கணக்கு. கேட்பதில் கஞ்சத்தனம் காட்டவில்லை. ஆனால் வழக்கை நடத்தப் பணம் வேண்டுமே? அதனால் ஒரு லட்சம் கையெழுத்தோடு ஒரு மனு எழுதி, பிரிட்டிஷ் தூதரகத்தில் கொடுக்கப் போனார்கள். மனு எலிசபெத் மகாராணிக்கு. விஷயம் இதுதான்: அம்மா, உங்கள் அரசாங்கத்தின் மேல் வழக்குப் போட்டிருக்கிறோம், எங்களிடம் வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை, ஆகவே எங்களுக்காக வாதாட நல்ல ராஜாங்க வக்கீல் ஒருவரைத் தாங்களே பார்த்து அனுப்பிவைக்க வேண்டும்.